மேற்கு ஜன்னலில் தொங்கிய கண்ணாடி உருண்டை

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

கண்ணாடியில் விரிசல் விழாமல் துளை போடுவது எப்படி, துருப்பிடித்த பல்பு ஹோல்டரை உடையாமல் கழற்றுவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கைபேசி என்னைவிடப் பொறுமையாகக் காட்டிக்கொடுக்கும். பட்டறையில் என் அண்ணன் மனைவி, உங்கள் எல்லோருக்கும் மைனி, இன்னும் இருக்கிறார். கண்புரை அறுவைக்குப் பிறகு நான் வருவதை நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. சந்தேகம் வந்தால் அவரைக் கேளுங்கள். திட்டுவார், ஆனால் சொல்லித் தருவார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. போன வாரம் நீங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டீர்களாம். தண்ணீர் நிற்கும் கண்ணாடிச் சாமான் எதுவானாலும் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பனி படிந்த மாதிரி மங்கலாக்கித்தான் வெளியே அனுப்புகிறோம். தேய்க்காமல் விட்டால் பளபளவென்று இருக்குமே, வாங்க வருகிறவர்களும் அதைத்தானே கேட்கிறார்கள், எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டீர்களாம். "அத அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மைனி தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். உங்களில் தமிழ் பேச வந்து படிக்க வராதவர் இருந்தால், படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் வெளிச்சத்தைக் கண்டால் கை வேலையை மறந்து நிற்கிற ஆள். காளிகாட்டில் அப்பாவின் மளிகைக் கடையில் எண்ணெய் அளக்கச் சொன்னால், ஒழுகுகிற எண்ணெயில் வெயில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே நின்று தரையெல்லாம் எண்ணெயாக்கிவிடுவேன். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை. போகாததால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்குரியாவில் அண்ணன் வீட்டுப் பின்புறம், கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் கார் கிடையாது. அங்கேதான் நானும் மைனியும் தொடங்கினோம். இடிக்கிற வீடுகளிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் பழைய விளக்குகளை வாங்கி வந்து, செடிக்கும் பறவைக்கும் ஏற்ற சாமான்களாக மாற்றுவது. கூரை விளக்கின் கண்ணாடித் தட்டு குருவி குளிக்கிற தொட்டியாகும். தெரு விளக்கின் தகரத் தொப்பியைக் கவிழ்த்தால் பூந்தொட்டி. சரவிளக்கின் கண்ணாடித் துளிகளைக் கோத்தால் காற்றில் கிணுகிணுக்கும். இந்த வங்காள ஊரில் பால்கனி என்பது ஒரு ஆள் திரும்பி நிற்கிற இடம். அந்த இடத்தையும் அதிகம் செலவழிக்காமல் அழகாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களை நம்பித்தான் அன்றும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம்.

ஒரு வருஷம் மழை ஓயும் சமயத்தில் பாலிகஞ்சில் ஒரு பழைய மாடி வீட்டை இடித்தார்கள். மாடிப்படி நெடுகத் தொங்கிய பத்து விளக்குகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. பித்தளைத் தொப்பி, பித்தளைச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் கால்பந்து அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை. கனத்த, தெளிந்த கண்ணாடி. உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள். கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒன்றைக் கொட்டகை வாசலில் தூக்கிப் பிடித்தேன். எதிர்ச் சுவர், அண்ணன் வீட்டு வேப்பமரம், கொடியில் காய்ந்த சேலை எல்லாம் அதற்குள் தலைகீழாகத் தொங்கின. மைனி இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

"ஏட்டி, அதையே பாத்துக்கிட்டு நின்னா சோறு தானா பொங்குமா?" என்று மூன்றாவது முறை கத்தினார்.

பல்பு போகிற வாய் மேலே இருக்கும்படி சங்கிலியில் கட்டினோம். கழுத்துவரை தண்ணீர், அதில் ஒரு மணி பிளான்ட் கொடி. அவ்வளவுதான். வெயிலில் வைத்தால் தண்ணீரின் நெளிவு சுவர் முழுக்க ஓடும். கொடி அசைந்தால் சுவரே அசைகிற மாதிரி இருக்கும். நான் இதுவரை செய்ததிலேயே அழகான சாமான் அதுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் எனக்கென்று ஒளித்து வைத்துக்கொண்டேன். மற்ற ஒன்பதும், நவராத்திரிப் பூஜைக்கு முன்னால் பூங்காவில் நடந்த சின்னச் சந்தையில் ஒரே நாளில் போய்விட்டன.

கடைசி உருண்டையை வாங்கியவர் ஒரு மாமி. எழுபது வயதிருக்கும். நானும் மைனியும் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"தமிழா? நல்லதாப் போச்சு. இதுல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாத்தணும்?"

"வாரம் ஒரு தடவ போதும் மாமி. வீட்டு பால்கனிக்கா?"

"பால்கனிக்கு இல்லை. ஆத்துல இவர் படுத்த படுக்கையா இருக்கார். ஸ்ட்ரோக். இடது கைல, கால்ல உணர்ச்சியே இல்லை. பேச்சும் நின்னு போச்சு. சித்திரையிலேர்ந்து அந்த வெறுஞ் சுவரையே பாத்துண்டிருக்கார். பாக்கறதுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணித்து."

"கட்டில் பக்கத்துல ஜன்னல் இருக்கா மாமி?" என்று கேட்டேன்.

"மேற்கு ஜன்னல். கட்டிலை ஒட்டியே இருக்கு."

"அப்ப அந்தக் கம்பியிலயே கட்டுங்க. நல்லா தாழ்வா கட்டுங்க. படுத்த வாக்குலயே கண்ணுக்கு நேரா இருக்கணும். வெயில் பட்டாத்தான் இது அழகு."

இதை நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமல், ஆசையாக, நானாகச் சொன்னேன். கனமான சாமான் என்பதால் ரிக்‌ஷாவில் கூடவே போய் மூன்றாவது மாடி வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தேன்.

வாங்கியவர்களிடம் மாட்டிய பிறகு ஒரு படம் அனுப்பச் சொல்வது நம் வழக்கம், உங்களுக்குத் தெரியும். ஒன்பது பேரும் அனுப்பினார்கள். மாமி அனுப்பிய படத்தில் ஜன்னல் கம்பி, அதில் உருண்டை, சுவரில் தண்ணீர் வெளிச்சம், ஓரத்தில் ஒரு தலையணை, அதன்மேல் அசையாமல் ஒரு கை. அதைத்தான் என் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பார்த்துக்கொள்வேன். கொஞ்சம் கர்வம்தான்.

பூஜை போய், தீபாவளி போய், மார்கழி வந்தது. இங்கே அதைப் பௌஷ் மாதம் என்பார்கள். காலையில் பக்கத்து ஏரியிலிருந்து பனி மெதுவாகத் தெருவுக்குள் வரும். பத்து மணிக்கு மேல் வெயில் மஞ்சளாக, சாய்வாக, வருஷம் முழுக்க எட்டாத மூலைகளுக்கெல்லாம் வந்து உட்காரும். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த வெளிச்சம் அது. அப்படி ஒரு முற்பகலில், கொட்டகையில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது.

"ஏட்டி, சாம்பிராணி போட்டியா? என்ன வாட அடிக்கு?" என்றார் மைனி.

வேலை மேசையில், எனக்கென்று வைத்துக்கொண்ட உருண்டை, உருளாமல் இருக்க வைத்த ஒரு வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்துவரை தண்ணீர். வாசல் வழியே வந்த வெயில் அதற்குள் நுழைந்து, அந்தப் பக்கம் அரைச் சாண் தூரத்தில் மேசைப் பலகைமேல் ஒரு மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது. ஆடாமல், நெளியாமல், வெயிலில் நீலமாக ஏறிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு மெல்லிய புகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு, தண்ணீரில் விரலை விடுகிற மாதிரி, அந்தப் புள்ளியில் விரலை வைத்தேன். சுரீரென்றது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பலகையில் மூன்று பழுப்புக் கோடுகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, லேசாக வளைந்து கிடந்தன. முந்தாநாள் ஒன்று, நேற்று ஒன்று, இன்றையது இன்னும் பாதியில். வெயில் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்ந்து கோடு போட்டிருக்கிறது. மூன்று நாளாக இது நடக்கிறது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன்.

பூஜைக்கு முன்னால் வெயில் உச்சியில் இருந்தது. ஜன்னல்களுக்கு மேல் இருக்கிற சிமென்ட் பலகையே அதைத் தடுத்துவிடும், சூடு தணிந்த சாயங்கால வெயில் மட்டும் சற்று நேரம் எட்டிப் பார்க்கும். இப்போது அது சாய்ந்துவிட்டது. ஒன்பது வீடுகளிலும், வெயில் பட்டாத்தான் அழகு என்று நான் சொன்ன இடங்களிலெல்லாம், இப்போது வெயில் பட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்த அந்த உருண்டைக்கு அரைச் சாண் தள்ளி, அங்கே என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

மைனியிடம் கோடுகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "படம் இருக்குல்லா? எடு" என்றார்.

கைபேசியை நடுவில் வைத்து ஒன்பது படங்களையும் பார்த்தோம். இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போன் போடத்தான் கை துடிக்கும். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எதிரே கட்டடம் இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்து வீடுகளுக்கு அன்றைக்கு ஆபத்தில்லை. மூன்று தெற்குப் பால்கனிகளில் அந்த நேரமே வெயில் இருக்கும். மாமியின் வீடு மேற்கு, அங்கே இரண்டு மணிக்கு மேல்தான் வரும். அதனால் தெற்கு வீடுகளுக்கு முதலில் சொல்வதென்று முடிவானது. அந்த முடிவில் தப்பில்லை. தப்பு அடுத்ததில் நடந்தது.

"தீப்பிடிக்கும்னு சொல்லாத. இனிமே எவ வாங்குவா நம்மகிட்ட? சங்கிலி பலமில்ல, மாத்தித் தாரோம், கழட்டி வைங்கன்னு சொல்லு" என்றார் மைனி. எனக்கும் அது சரியாகவே பட்டது. தெற்கு வீடுகளில் ஒன்று காளிகாட்டில் ஒரு பௌதியுடையது. நம் ஊரில் அண்ணி என்பதைத்தான் இங்கே அப்படிக் கூப்பிடுகிறோம். அவருக்குப் போன் செய்து, சங்கிலி கதையைச் சொன்னேன்.

"அதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக்கொடு. இவ்வளவு நாள் விழாதது இரண்டு நாளில் விழுந்துவிடுமா?" என்று வங்காளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார் பௌதி. நானும் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகுதான் படத்தை மறுபடி பார்த்தேன். உருண்டைக்குப் பின்னால் ஒரு பருத்தித் திரை தொங்கியது.

உங்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சின்னப் பொய் சொன்னால் கேட்பவருக்குச் சின்ன அவசரம்தான் வரும். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆபத்தின் அளவை நான் அவரிடமிருந்து மறைத்துவிட்டேன், அவர் எப்படி ஓடுவார்? மறுபடி போன் போட்டேன். "பௌதி, நான் முன்பு சொன்னது பொய். அந்தக் கண்ணாடி வெயிலைக் குவிக்கிறது, தீப்பிடிக்கும். நான் யோசிக்காமல் விற்றுவிட்டேன். இப்போதே போய்த் தண்ணீரைக் கொட்டுங்கள், நான் போனை வைக்கமாட்டேன்" என்றேன். செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. பிறகு ஒரு "ஐயோ மா". திரையில் விரல் நீளத்துக்குக் கருகியிருந்ததாம், பத்து நாளாக அதைப் பூச்சி அரித்தது என்று நினைத்திருக்கிறார். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டு, கடைசியில், "மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிட்டாயா? போனை வை, முதலில் அதைச் செய்" என்றார். அந்தப் பௌதி இன்றைக்கும் நம்மிடம்தான் வாங்குகிறார். மற்ற இரண்டு வீடுகளுக்கும் எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள்.

மாமி மட்டும் போனை எடுக்கவில்லை. நான்கு முறை அடித்துப் பார்த்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது. மற்ற ஐந்து பேருக்கும் சொல்லும் வேலையை மைனியிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். மாமி வீடு பாலிகஞ்சில், டாக்குரியாவிலிருந்து ஒரே ஸ்டேஷன்தான். ஆனால் வண்டி வர வேண்டுமே. பிளாட்பாரத்தில் எல்லோரும் வெயிலுக்கு முகத்தைக் காட்டி ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரே பாதித் தூக்கத்தில் இருந்தது. ஒருவர் கையில் தண்ணீர்ப் பாட்டில், ஒரு பெண்ணின் கைக் கண்ணாடி வளையல், ஒரு கிழவரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் வெயிலைப் பிடித்து எங்கெங்கோ புள்ளி போட்டன. சாதாரணமாக நான் ரசித்துப் பார்க்கிற புள்ளிகள். அன்றைக்கு ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையணைமேல் இருந்த அந்தக் கை கண்ணை விட்டுப் போகவே இல்லை. எழுந்திருக்க முடியாத, கத்த முடியாத ஒரு மனிதருக்குப் பக்கத்தில் அதைத் தாழ்வாகக் கட்டச் சொன்னவள் நான்.

மூன்று மாடியும் ஏறி மணியை அடித்தபோது இரண்டேகால். மாமி கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா. இப்பத்தான் கண் அசந்தார். போன் உள்ள சைலன்ட்ல கெடக்கு. என்ன இப்படி மூச்சு வாங்கறது உங்களுக்கு?"

"மாமி, அந்தக் கண்ணாடி. வெயில் பட்டா அது சுடும். நெருப்பு மாதிரி சுடும்" என்று சொல்லிக்கொண்டே செருப்போடு உள்ளே போய்விட்டேன்.

அந்த அறையை நான் மறக்கமாட்டேன். சுவரும் கூரையும் தண்ணீர் வெளிச்சத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கொசுவலை பொன்னிறமாகத் தெரிந்தது. குளத்துக்கு அடியில் படுத்திருப்பவர் மாதிரி அவர் படுத்திருந்தார். தூங்கவில்லை. கண் திறந்தே இருந்தது. உருண்டைக்குப் பக்கத்தில், தலையணைமேல் அவருடைய இடது கை. அதன் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, உறையின்மேல் அந்த வெள்ளைப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கும் உருண்டைக்கும் நடுவே கையில் இருந்த சால்வையைத் திணித்தேன். புள்ளி அணைந்தது, சுவரில் ஆடியதும் நின்றது. அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

அப்புறம்தான் அவருடைய கையைக் கவனித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பொத்தான் அளவில் ஆறு ஏழு பழுப்புத் தழும்புகள். இரண்டு இன்னும் பச்சைப் புண்ணாக இருந்தன. மேலே களிம்பு பளபளத்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மாமி, "ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு. என்ன பூச்சி கடிக்கறதுன்னே தெரியலை. மருந்துக் கடையில சொல்லிக் களிம்பு வாங்கித் தடவிண்டிருக்கேன்" என்றார்.

நீங்கள் அந்த இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையைக் கழற்றிக்கொண்டு போனால் போதும். தழும்பின் பழி பூச்சியின் தலையில் போகும். அந்த மனிதரால் பேச முடியாது. மாமிக்குத் தெரிய வழியே இல்லை. தீப்பிடிக்காமல் ஓடி வந்து காப்பாற்றினாளே என்று எனக்கு நன்றி சொல்வார். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். ஆனால், பூச்சிக்கடிக்குப் போடுகிற களிம்பைத் தீப்புண்ணில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் கண் முன்னால் தெரிந்தது. அது ஒன்றுதான் என் வாயைத் திறக்க வைத்தது.

"மாமி, அது பூச்சி இல்ல. இந்தக் கண்ணாடி சுட்டது. அவருக்கு உணர்ச்சி இல்லாததால தெரியல. தாழ்வா கட்டச் சொன்னது நான்தான்."

மாமி அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தலகாணியை நான் எட்டத்தான் வெக்கறேன்" என்று, என்னிடம் இல்லை, கையிடம் சொல்வது போலச் சொன்னார். "பாத்திரம் தேச்சுட்டு வந்து பாத்தா கை ஜன்னலண்ட போயிருக்கும். நழுவிப் போறதுன்னு நெனச்சுண்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள், படுத்திருந்தவரின் வலது கை மெதுவாக நகர்ந்து வந்தது. இடது மணிக்கட்டைப் பிடித்து, மாமியின் மடியிலிருந்து இழுத்து, ஜன்னல் பக்கம், அந்தப் புள்ளி இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

"ஏன்னா, என்ன பண்றேள்?" என்றார் மாமி.

அவர் உருண்டையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது புரிந்தது. மாமிக்கும் புரிந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டார். தினமும் மத்தியானம் அந்தக் கையை நெருப்பில் வைத்து, சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுடவில்லை. மறுநாள் மறுபடி வைத்திருக்கிறார்.

உருண்டையைக் கழற்றிக் குளியலறையில் தண்ணீரைக் கொட்டினேன். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாமிக்கு வரவில்லை.

"மன்னிப்பெல்லாம் அப்பறம். டாக்டரைக் கூப்பிடறேன், என்ன மருந்துன்னு எழுதிக் குடுப்பார். நாளையிலேர்ந்து நீங்கதான் வந்து போடணும். நான் தொட மாட்டேன். என்னால அதைப் பாக்க முடியாது" என்றார்.

மறுநாளிலிருந்து போனேன். புண் ஆழமில்லை, ஆனால் செயலற்ற கையில் ஆற நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உணர்ச்சியைப் பற்றி, சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வந்தால் தானாக வரும் என்று மட்டும் சொன்னாராம். மாமி கதவைத் திறப்பார், சமையலறைக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது. நான் புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது மாமியின் கணவர் அந்தக் கையைப் பார்ப்பார், பிறகு வெறுஞ் சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் இருந்த உருண்டையை உள்ளும் புறமும் உப்புத்தாளால் நாள் கணக்கில் தேய்த்தேன். வெயிலில் வைத்து, அரைச் சாண் தள்ளி என் கையையே நீட்டி, சுடவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்துப் போனேன். மாமி வாசலிலேயே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். தப்பைத் திருத்திக்கொண்டோம் என்பதற்காக உடனே நம்மைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்காதீர்கள். அது அவர்கள் இஷ்டம்.

இந்தத் தொழிலில் நாம் கொடுக்கும் சாமானின் அழகை நாம் ஒரு நாள், ஒரு வெளிச்சத்தில் பார்க்கிறோம். அது வாங்கியவர் வீட்டில் எல்லா மாதமும் இருக்கப் போகிறது. உருண்டை அதே உருண்டைதான், வெயில்தான் நகர்ந்தது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்தே வாழ்ந்தவள் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு, தப்பும் நல்லதில் முடிந்தது என்று உங்களில் யாராவது சொன்னால் காதைத் திருகிவிடுவேன். டாக்டர் சொன்னபடி அது தானாக வந்தது. அதில் எனக்கோ என் கண்ணாடிக்கோ ஒரு பங்கும் இல்லை.

மாசி பிறந்திருந்தது. மற்றப் புண்கள் ஆறிவிட்டன, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் பாக்கி. பஞ்சை மருந்தில் நனைத்து ஒற்றினேன். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் கேட்கிறாரோ என்று நினைத்தேன். மறுபடி ஒற்றினேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது.

"எ...ரி...யறது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன சொன்னார்?"

நாற்பது நாளுக்குமேல் ஆகியிருந்தது, மாமி என்னிடம் பேசி.

"எரியுதுங்கார் மாமி."

மாமி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "எங்கன்னா? எங்க எரியறது?" என்றார். படுத்திருந்தவர் வலது கையைத் தூக்கி, ஒரு விரலைக் கொண்டுவந்து, சரியாக அந்தப் புண்ணின் ஓரத்தில் வைத்தார்.

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை தடவுங்கோ."

எனக்குக் கை வரவில்லை. வலிக்கிறது என்கிற மனிதருக்கு எப்படி மறுபடி வைப்பது?

"பரவாயில்லை, தடவுங்கோ."

தடவினேன். அவர் முகம் சுளித்தார். "எரியறதுடீ!" என்று மாமியைப் பார்த்து அதட்டினார்.

மாமி கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாதபடி இருந்தது அவர் முகம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார்.